வட்டமும் முக்கோணமும் போட்ட கடிதம்

வெல்பர்ன் கல்லூரி, மகளிர் விடுதி
1986 அக்டோபர் 5

அன்புள்ள பாட்டிக்கு,

லொரீனா எழுதிக்கொள்வது. நான் இங்கே நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டர் கொடுத்த தைலத்தைத் தடவுகிறீர்களா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

நீங்கள் கொடுத்தனுப்பிய ஆப்பிள் பாகில் பாதியை என் அறைத்தோழி தின்று தீர்த்துவிட்டாள். "உங்க பாட்டிய இங்கயே கூட்டிட்டு வந்துரு, என் கட்டில அவங்களுக்குக் குடுத்துடறேன்" என்கிறாள். மீதியை என் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

பொருளாதார வகுப்பில் போன வாரம் பேராசிரியர் வாஸ்லர் ஒரு கேள்வி கேட்டார். விலை ஏறினால் எல்லாரும் வாங்குவதைக் குறைப்பார்கள், எதைக் குறைக்கவே மாட்டார்கள் என்று. ஒருவன் உப்பு என்றான், ஒருவன் மருந்து என்றான். நான் சவப்பெட்டி என்றேன். வகுப்பே சிரித்தது. பேராசிரியர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நீ எந்த ஊரும்மா?" என்று கேட்டார். சுரங்கப் பக்கம் என்றேன். திரும்பிப் போய்ப் பலகையில் சவப்பெட்டி என்று எழுதினார். அன்றிலிருந்து என் பெயர் அவருக்குத் தெரியும்.

ஒரு சின்ன உதவி. இந்த மாதம் கல்லூரியிலிருந்து என் பெயருக்கு ஏதாவது தபால் வந்தால் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வராமலும் போகலாம். என்ன, ஏது என்று இப்போது கேட்காதீர்கள்.

குளிர் தொடங்கிவிட்டது. கணப்புக்கு விறகு பிளக்க நீங்கள் கோடாலியைத் தொட்டதாகக் கேள்விப்பட்டால் நான் வகுப்பை விட்டுவிட்டு வந்துவிடுவேன்.

உங்கள் லொரீனா


ட்ரேஸ் ஃபோர்க், கென்டக்கி
1986 அக்டோபர் 19

டேட்டனில் இருக்கும் தங்கச்சி வெஸ்டாவுக்கு,

உன் அக்கா ஆர்ஃபா எழுதுகிறேன். உன் கண் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்களா? நான் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் மனசு சரியில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் பேனா எடுத்தேன்.

வியாழக்கிழமை லொரீனா பெயருக்கு ஒரு தடித்த உறை வந்தது. அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது தப்பு என்று எனக்குத் தெரியும். அவளே "என்ன ஏதுன்னு கேக்காதீங்க" என்று எழுதியிருந்ததால்தான் கை சும்மா இருக்கவில்லை. உருளைக்கிழங்கு சீவும் கத்தியால் பிரித்தேன்.

தாளின் தலைப்பில் பொன் நிறத்தில் ஒரு வட்டம், அதை ஒட்டி ஒரு முக்கோணம், அதற்குப் பக்கத்தில் இன்னொரு குறி. பார்த்ததும் எனக்கு அவர் நினைப்புத்தான் வந்தது, வெஸ்டா. ஆர்லிஸ் சேர்ந்த சங்கத்தின் தாளிலும் இப்படித்தான் முக்கோணமும் கண்ணும் போட்டிருக்கும். எழுத்துக் கூட்டிப் படித்தேன். உறுப்பினர்கள் கூடி வாக்கெடுத்து இவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். ஏப்ரலில் சேர்க்கைச் சடங்காம். மெழுகுவர்த்தி ஏற்றி உறுதிமொழி எடுக்க வேண்டுமாம். டிசம்பர் ஒன்றாம் தேதிக்குள் பதில் போட வேண்டுமாம். கௌரவம், கௌரவம் என்று நாலு இடத்தில் இருக்கிறது. ஆர்லிஸுக்கு வந்த கடிதத்திலும் அந்தச் சொல் இருந்தது.

உனக்குத் தெரியாததா. சுரங்கம் இடிந்தால் பெண்டாட்டி பிள்ளையைச் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பித்தான் அவர் சேர்ந்தார். சத்தியம் செய்து சேரும் ரகசியச் சங்கத்தில் இருப்பவனுக்கு நம் சபையில் இடம் கிடையாது என்று ஐம்பத்தொன்றில் அவரை விலக்கினார்கள். அவர் செத்தபோது நம் போதகர்கள் ஒருத்தர்கூடக் கல்லறைக்கு வரவில்லை. சங்கத்து ஆட்கள் வந்தார்கள். ஏதோ சடங்கு என்று என் வீட்டு முன்னறையைச் சாத்திக்கொண்டு, "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்கம்மா" என்று என்னையே வெளியே நிறுத்தினார்கள். என் வீடு, என் புருஷன். மழையில் நின்றேன்.

லொரீனா போன கோடையில்தான் ஆற்றில் இறங்கி ஞானஸ்நானம் பெற்றாள். தாயில்லாத பிள்ளை. சபையைவிட்டு அவளையும் தள்ளிவிட்டால் எனக்குப் பிறகு அவளுக்கு யார்? உறையைக் குடும்ப பைபிளுக்கு அடியில் வைத்துவிட்டேன். டிசம்பர் ஒன்று தாண்டட்டும், அப்புறம் அடுப்பில் போடலாம் என்றிருக்கிறேன்.

அந்த மூன்று குறிகளையும் கீழே வரைந்திருக்கிறேன். உங்கள் பட்டணத்தில் விவரம் தெரிந்தவர்கள் இருந்தால் காட்டிக் கேள். பெயர் சொல்லாதே.

உன் அக்கா
ஆர்ஃபா


ட்ரேஸ் ஃபோர்க்
1986 அக்டோபர் 20

என் கண்ணு லொரீனாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. தைலம் தடவுகிறேன், வாடைதான் சகிக்கவில்லை. பூனை பக்கத்தில் வருவதில்லை.

தபால் எதுவும் வரவில்லை. விதைக் கடைப் புத்தகம் ஒன்று வந்தது, அவ்வளவுதான்.

பீன்ஸை நூலில் கோத்து அடுப்புக்கு மேலே காயப்போட்டிருக்கிறேன். நவம்பர் நன்றி நாள் விருந்துக்கு நீ வரும்போது பன்றி இறைச்சி போட்டு வேகவைத்துத் தருகிறேன். சவப்பெட்டி என்று சொன்னாயே, அதைச் சகோதரர் வெர்லனிடம் சொன்னேன், போதகர் என்றும் பாராமல் விழுந்து விழுந்து சிரித்தார். கடைக்காரரிடமும் சொன்னேன். தபால்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் பேத்தி பேராசிரியருக்குப் பாடம் சொல்கிறாள் என்று ஊரே பேசுகிறது.

காதை மூடிக்கொண்டு வெளியே போ. நன்றாகச் சாப்பிடு.

உன் பாட்டி


வெல்பர்ன்
1986 நவம்பர் 16

அன்புள்ள பாட்டிக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

நவம்பர் விருந்துக்கு வர முடியாது. நூலகத்தில் வேலை இருக்கிறது. பேருந்தும் சரியாகக் கிடைக்காது. தபால் விஷயத்தை மறந்துவிடுங்கள், இனி அது வராது. வந்தவர்களுக்கெல்லாம் வந்துவிட்டது.

சவப்பெட்டிக் கதையை இனிமேல் யாரிடமும் சொல்ல வேண்டாம், பாட்டி. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

லொரீனா


டேட்டன், ஒஹையோ
1986 டிசம்பர் 8

அக்காவுக்கு வெஸ்டா வணக்கம் சொல்லி எழுதுவது.

கண்ணைக் கட்டி ஐந்து வாரம் படுக்கப் போட்டுவிட்டார்கள். இப்போது நன்றாகத் தெரிகிறது. தெரிந்த அன்றே உன் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றிவிட்டது.

பக்கத்து வீட்டு கிளாடீன் ஒரு கல்லூரி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். நீ வரைந்த படத்தை அவளிடம் காட்டினேன். "இத யாரு வரைஞ்சது, ஆன்ட்டி?" என்றாள். எனக்குத் தெரிந்த ஒரு மடச்சி என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அது கிரேக்க எழுத்து. கண்ணும் இல்லை, காதும் இல்லை. பொருளாதாரம் படிக்கிற பிள்ளைகளில் முன்வரிசையில் இருப்பவர்களையும் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்களையும் சேர்த்து வைத்திருக்கிற சங்கம் அது. நாடு முழுக்க இருக்கிறதாம். மார்க் இல்லாமல் மண்டியிட்டாலும் உள்ளே விடமாட்டார்களாம். "ஆன்ட்டி, அந்தப் பொண்ணு கெட்டிக்காரி. பதில் போட்டாச்சா?" என்று கேட்டாள். நான் வீட்டுக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா, நீ ஆர்லிஸ் மாமாவை நினைத்துப் பயந்தாய். அது எனக்குப் புரிகிறது. ஆனால் டிசம்பர் ஒன்று போய்விட்டது. நீ அடுப்பில் போட்டிருந்தால் என்னிடம் சொல்லாதே, எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. போடவில்லை என்றால் அந்தப் பிள்ளையிடம் இன்றைக்கே சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். நாக்கையும் அசை.

வெஸ்டா


ட்ரேஸ் ஃபோர்க்
1987 ஜனவரி 11

வெஸ்டாவுக்கு,

நீ அனுப்பிய கம்பளிச் சட்டை கிடைத்தது. அளவு சரியாக இருக்கிறது. உன் கண் சுகமானதற்குக் கர்த்தருக்கு நன்றி.

அடுப்பில் போடவில்லை. டிசம்பர் இரண்டாம் தேதி உறையைக் கையில் எடுத்தேன். கரி போடுகிற கதவைத் திறந்தேன். உறை மேல் அவள் பெயரை யாரோ அவ்வளவு அழகாகக் கையால் எழுதியிருந்தார்கள். மூடிவிட்டேன். பத்து நாள் கழித்து உன் கடிதம் வந்தது.

கிறிஸ்துமஸுக்கு வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தாள். ஆறு நாளில் அந்த அம்மா வாஸ்லர் பெயரை ஒரு தடவைகூட எடுக்கவில்லை. "என்னடி, பேராசிரியர் எப்படி இருக்காங்க?" என்று நானே கேட்டேன். "நல்லாத்தான் இருக்காங்க" என்றாள். பிறகு, "பாட்டி, நான் பாடத்த மாத்திக்கலாம்னு இருக்கேன். டைப்பிங், சுருக்கெழுத்துன்னு ஒண்ணு இருக்கு. ஒரு வருஷத்துல முடிஞ்சிரும்" என்றாள்.

"ஏன், பொருளாதாரம் கசக்குதா?"

"கசக்கல. என் தலைக்கு அது ஏறாது. அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் லேட்டாத் தெரிஞ்சது."

நான் ரொட்டிக்குச் சோளமாவு பிசைந்துகொண்டிருந்தேன். இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே இடிக்கிறது. "பாலக் கொஞ்சம் எடுத்துக் குடு" என்றுதான் வாயில் வந்தது. அவள் சினசினாட்டியில் அரசு வேலைக்குப் போக ஆசைப்பட்டவள். கடை கடையாகப் போய் என்ன விலை என்று குறித்து வாஷிங்டனுக்கு அனுப்புவார்களே, அந்த வேலை. அதையும் வேண்டாம் என்கிறாள்.

பேருந்தில் ஏறும்போது என்னைக் கட்டிப்பிடித்து, "உங்களுக்குப் பெரும தேடித் தரணும்னு நெனச்சேன் பாட்டி" என்றாள். வெஸ்டா, எனக்கு எழுபத்தொரு வயசு. எத்தனையோ பேரை மண்ணில் இறக்கியிருக்கிறேன். அந்தப் பேருந்து நகர்ந்தபோது இருந்த மாதிரி எப்போதும் இருந்ததில்லை.

அவளிடம் சொன்னாலும் தேதி போய்விட்டதே. ஆசையைக் காட்டிப் பிடுங்கியது போலாகிவிடும். அதனால் முதலில் அந்தப் பேராசிரியர் அம்மாவுக்கே எழுதப்போகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் சிரிக்கட்டும்.

ஆர்ஃபா


ட்ரேஸ் ஃபோர்க்
1987 ஜனவரி 12

மதிப்புக்குரிய பேராசிரியர் வாஸ்லர் அம்மா அவர்களுக்கு,

முன்பின் தெரியாத நான் எழுதுவதை மன்னிக்க வேண்டும். தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். நான் லொரீனா ஸ்டிட்ஹமின் பாட்டி. அஞ்சாம் வகுப்பு வரைதான் போனேன். அதற்குப் பிறகு தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள நிறுத்திவிட்டார்கள். எழுத்துப்பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அக்டோபரில் அனுப்பிய கடிதம் வந்தது. லொரீனா அதைப் பார்க்கவில்லை. பிரித்தது நான். ஒளித்தது நான். "தபால் வரவில்லை" என்று எழுதியதும் நான். அவள் உங்களுக்குப் பதில் போடாதது திமிரால் என்று நீங்கள் நினைத்திருந்தால் அந்த நினைப்பை என் பக்கம் திருப்பிவிடுங்கள். அவளோ நீங்கள்தான் அவளைக் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பாடத்தையே விடப்போகிறாள்.

ஏன் ஒளித்தேன் என்றால், எங்கள் சபையில் ரகசியச் சங்கத்துக்குச் சத்தியம் செய்தவர்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். என் புருஷனுக்கு அது நடந்தது. உங்கள் கடிதத்தில் வட்டமும் முக்கோணமும், மெழுகுவர்த்தியும், உறுதிமொழியும் இருந்தன. எனக்கு வேறு என்ன தோன்றும், சொல்லுங்கள்.

மூன்று கேள்வி கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ஒன்று, இன்னும் அவளுக்கு இடம் இருக்கிறதா? இரண்டு, எதன் மேல் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும்? மூன்று, உள்ளே நடப்பதை வெளியே சொல்லக் கூடாது என்று உண்டா?

இடம் இல்லை என்றால் அவளிடம் இதைச் சொல்லாதீர்கள். என்னிடம் மட்டும் சொல்லுங்கள். நானே அவளிடம் சொல்லி அவள் வாயால் வாங்கிக்கட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு
ஆர்ஃபா ஸ்டிட்ஹம்


வெல்பர்ன் கல்லூரி, பொருளாதாரத் துறை
1987 ஜனவரி 20

அன்பும் மரியாதையும் உள்ள திருமதி ஸ்டிட்ஹம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நான் நலமே. தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் எழுத்தில் நான் சிரிக்கும்படி எதுவும் இல்லை. இரண்டு தடவை படித்தேன்.

லொரீனா பதில் போடாதபோது எனக்கும் வருத்தம்தான். இந்தச் சங்கமெல்லாம் பணக்காரப் பிள்ளைகளுக்கு என்று ஒதுங்கிவிட்டாளோ என்று நினைத்தேன். கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அவளுக்குச் சங்கடமாக இருக்குமோ என்று விட்டுவிட்டேன். ஆகவே தவறில் எனக்கும் பங்கு உண்டு. உறை மேல் அவள் பெயரை எழுதியது நான்தான். மற்ற எல்லா உறைகளையும் டைப் அடித்தோம். அந்தச் சவப்பெட்டி பதிலுக்காக அதை மட்டும் கையால் எழுதினேன்.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். இடம் இருக்கிறது. உறுப்பினர்கள் ஒருமுறை வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பெயரை எடுக்க எங்கள் விதியில் வழியே இல்லை. டிசம்பர் தேதி சான்றிதழ் அச்சடிக்கிறவர்களுக்காக வைத்தது. அவளுடையதைத் தனியாக அச்சடிக்கச் சொல்கிறேன். எதன் மேலும் கை வைக்க வேண்டியதில்லை. உறுதிமொழி என்று நாங்கள் சொல்வது ஐந்து வரி. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அச்சடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். மெழுகுவர்த்தி வெறும் அலங்காரம். போன வருடம் அதில் ஒரு பேராசிரியரின் கழுத்துப்பட்டை கருகியது. இந்த வருடம் அது இல்லாமலே நடத்தலாம் என்று ஏற்கெனவே பேச்சு இருக்கிறது.

வெளியே சொல்லக் கூடாதது ஒன்றுமே இல்லை. ஏப்ரல் பத்தாம் தேதி நீங்களே வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும். இது என் தனிப்பட்ட அழைப்பு. இன்னொன்று. அவள் விரும்பும் அரசு வேலையில், இப்படிப்பட்ட சங்கத்தில் இருப்பவர்களை ஒரு படி மேலேயே தொடங்கவைப்பார்கள்.

ஆனால் இதை அவளிடம் சொல்ல வேண்டியவர் நான் அல்ல. பிப்ரவரி முதல் வாரம் வரை பேசாமல் இருக்கிறேன். பாடத்தை மாற்றும் படிவத்துக்கு ஆறாம் தேதி கடைசி நாள்.

மரியாதையுடன்
ஹாரியட் வாஸ்லர்


ட்ரேஸ் ஃபோர்க்
1987 ஜனவரி 25

லொரீனா,

நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

இத்துடன் இருக்கும் உறை அக்டோபர் பதினாறாம் தேதி உனக்கு வந்தது. வரவில்லை என்று நான் எழுதியது பொய். பிரித்ததும் நான்தான். உன் தாத்தாவுக்கு நடந்தது உனக்கும் நடந்துவிடும் என்று பயந்தேன். அது என்ன சங்கம் என்று விசாரிக்காமல் பயந்தேன். விசாரித்துத் தெரிந்த பிறகும், கிறிஸ்துமஸில் நீ என் அடுக்களையில் நின்றுகொண்டு உன் தலைக்குப் படிப்பு ஏறாது என்று சொன்னபோதும், நான் சொல்லவில்லை. முதலாவது பயம். இரண்டாவது வெட்கம். இரண்டாவதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவர்கள் உன்னைக் கூப்பிட்டார்கள். மற்றவர்களைக் கூப்பிட்ட அதே நாளில் கூப்பிட்டார்கள். இடம் இன்னும் இருக்கிறது. பேராசிரியர் அம்மாவுக்கு எழுதிக் கேட்டேன், அவர் கடிதத்தையும் வைத்திருக்கிறேன். ஆறாம் தேதிக்கு முன்னால் அவரைப் போய்ப் பார். என்னிடம் பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம். அவரைப் பார்.

சபை என்ன சொல்லும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். அது உன் தலைவலி இல்லை.

பாட்டி


வெல்பர்ன்
1987 மார்ச் 1

அன்புள்ள பாட்டிக்கு,

நான் நலம். ஐந்து வாரமாக உங்கள் முழங்காலைப் பற்றிக்கூடக் கேட்காமல் இருந்துவிட்டேன். எப்படி இருக்கிறது?

எழுதாததற்குக் காரணம் கோபம்தான். இல்லை என்று சொன்னால் இந்தக் குடும்பத்தில் இன்னொரு பொய் சேரும். நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உங்களை நீங்கள் என்றுகூட எழுதவில்லை.

உங்கள் கடிதம் வந்தபோது பாடத்தை மாற்றும் படிவம் கையெழுத்தோடு என் மேஜையில் இருந்தது. மறுநாள் கொடுப்பதாக இருந்தேன். உறையைப் பார்த்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அழுகை வரவில்லை. சிரிப்பு வந்தது. நவம்பரிலிருந்து என்னைக் கழித்துக்கட்டியது பேராசிரியர்கள், என்னுடைய மூளை, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துச் செத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் என்னைக் கழித்துக்கட்டியது ஒரே ஒரு ஆள், அது என் பாட்டி. பாட்டி என்றால் சமாளித்துக்கொள்ளலாம். அவ்வளவு பெரிய பாரம் இறங்கியது. கோபம் மறுநாள்தான் வந்தது.

அறைத்தோழி, "எதுக்குடி சிரிக்கிற?" என்றாள். "எனக்கு மூள இருக்காம்" என்றேன். "அது சரி, எங்க வெச்சிருந்த?" என்றாள். "பைபிளுக்கு அடியில" என்றேன்.

வாஸ்லர் அம்மாவைப் பார்த்தேன். உங்கள் கடிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறார். எனக்குக் காட்டவில்லை, "இது எனக்கு வந்த கடிதம், அடுத்தவங்க கடிதத்த நீங்கெல்லாம் எப்பப் படிக்காம இருக்கப் போறீங்க?" என்றார். சினசினாட்டி வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன்.

இனி என் தபாலைப் பிரிக்காதீர்கள். பயமாக இருந்தால் என்னிடம் பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். தாத்தா கதையை முழுதாக நீங்கள் எனக்குச் சொன்னதே இல்லை. மழையில் நின்றது வெஸ்டா சின்னப் பாட்டி எழுதித்தான் எனக்குத் தெரியும்.

ஏப்ரல் பத்தாம் தேதி ஒன்பது மணிப் பேருந்தில் ஏறுங்கள். நீலச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் லொரீனா


ட்ரேஸ் ஃபோர்க்
1987 ஏப்ரல் 26

தங்கச்சி வெஸ்டாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மலை பூராவும் செம்மொட்டு மரம் பூத்துக் கிடக்கிறது. உன் கண்ணுக்கு இப்போது தூரத்துப் பொருளும் தெரிகிறதா? தெரிந்தால் மே மாதம் வந்து பார்த்துவிட்டுப் போ.

கல்லூரிக்குப் போனேன். நூலகத்தில் ஒரு பெரிய அறை. பதினோரு பிள்ளைகள். முன்வரிசையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். வாஸ்லர் அம்மா நினைத்ததைவிடக் குள்ளம். கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானா அது" என்றார். "நாந்தான், போலீஸக் கூப்பிட்டுறாதீங்க" என்றேன். லொரீனா பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து நின்று கைதட்டியது நான் ஒருத்திதான். எழுந்து நிற்கக் கூடாது போலிருக்கிறது. எனக்கென்ன.

பிறகு நான் செய்ததைக் கேள். புத்தி கெட்டுப்போய், அங்கே எடுத்த படத்தையும் உறுதிமொழித் தாளையும் நம் மாவட்டப் பத்திரிகை ஆபீஸில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வியாழக்கிழமை இரண்டாம் பக்கத்தில் லொரீனா, தலைக்கு மேலே துணிப்பதாகையில் அந்த மூன்று எழுத்தும் பெரிசு பெரிசாக. உறுதிமொழியை மட்டும் இடமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

நேற்று சபையின் மாதக் கூட்டம். வழக்கம்போல சகோதரர் வெர்லன், "சபையில எல்லாரும் சமாதானமா இருக்கோமா?" என்று கேட்டார். இருக்கிறோம் என்று சொல்லி அடுத்த வேலைக்குப் போவதுதான் எப்போதும் நடப்பது. சகோதரி ஓமா எழுந்தாள். கையில் பத்திரிகை.

"எனக்குச் சமாதானமில்ல" என்றாள். "ஆர்லிஸ் ஸ்டிட்ஹமுக்கு ஒரு ஞாயம், அவர் பேத்திக்கு ஒரு ஞாயமா? சங்கம்னா சங்கம்தான். சத்தியம்னா சத்தியம்தான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஐம்பத்தொன்றில் நான் அதே பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று எழுந்தேன். பத்திரிகை ஆபீஸிலிருந்து திருப்பி வாங்கிய அந்தத் தாள் கைப்பையில் இருந்தது.

"இதுதான் அவ சொன்ன சத்தியம். மொத்தம் அஞ்சு வரி. வாசிக்கட்டுமா?" என்றேன்.

"வாசிங்க சகோதரி" என்றார் வெர்லன்.

வாசித்தேன். படித்துக்கொண்டே இருப்பேன், தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன், கற்றதை மக்கள் பிழைக்க உதவும்படி பயன்படுத்துவேன் என்று மூன்று வரி சரளமாகப் போனது. நாலாவது வரி, "எனக்குப் பிடிக்காத உண்மை என்பதற்காக அதை மறைக்க மாட்டேன்" என்பது. அங்கே நின்றுவிட்டேன். கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடி முதலிலிருந்து அந்த வரியைப் படித்தேன். ஐந்தாவதையும் படித்து முடித்தேன்.

பிறகு, கேட்காமலே, அக்டோபரில் அவள் கடிதத்தை ஒளித்ததையும் பொய் எழுதியதையும் நின்றபடியே சொல்லிவிட்டேன். "ரகசியம் வெச்சது அந்தச் சங்கமில்ல. நாந்தான். விலக்கணும்னா என்னைய விலக்குங்க. பிள்ளைய விட்டுருங்க" என்றேன்.

வெர்லன் தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார். "சகோதரி ஓமா, சத்தியம்னா யாருக்கும் சொல்லக் கூடாதுங்கிறதுதான நம்ம ஆட்சேபம்?" என்றார்.

"ஆமா."

"இப்பத்தான் சபையே முழுசாக் கேட்டுருச்சே. இதுல எது ரகசியம்?"

ஓமா நாலாவது வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு, "இதுல சேர என்ன மார்க் வேணும்?" என்று கேட்டாள். அவள் பேரன் அடுத்த வருடம் கல்லூரி போகிறான். பின் பெஞ்சில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். ஓமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எனக்குச் சமாதானம்தான்" என்று உட்கார்ந்தாள்.

என்னை மன்னிக்கச் சம்மதம் உள்ளவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் வெர்லன். பெஞ்சுகள் கிரீச்சிட்டன. எல்லாரும் எழுந்து, வழக்கப்படி வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். முப்பத்தாறு வருடமாக அந்தக் கட்டடத்தில் மூச்சை இழுத்துப் பிடித்தே உட்கார்ந்திருக்கிறேன் என்று நேற்று அதை விட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து லொரீனாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் தாத்தா கதையையும் முதலிலிருந்து சொன்னேன். கட்டணம் ஏறும் என்று நானே இரண்டு தடவை வைக்கப் போனேன். "வெக்காதீங்க, இன்னும் சொல்லுங்க" என்றாள். சினசினாட்டிக்காரர்கள் அவளை ஜூன் எட்டாம் தேதி நேரில் வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். இந்தக் கடிதத்தை கிளாடீனிடம் காட்டு. தெருவில் வேறு யார் கேட்டாலும் சத்தமாகவே வாசித்துக்காட்டு.

உன் அக்கா
ஆர்ஃபா